சோப்புக்குப் பயந்து கீரையில் விழுந்தோம்

போன வருஷம் தசரா முடிந்து தீபாவளி வருவதற்குள் நடந்தது இது. மைசூர் ரோடுகளில் கட்டியிருந்த சீரியல் பல்புகளை ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடைசித் தெருவில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு கடைக்குப் பெயர் வைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தெருவில் ஷட்டர் தூக்கித் திறக்கிற கடை இல்லை. போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிற கடை.

எனக்கு எழுத்து அதிகம் வராது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், நிறுத்தி நிறுத்தி எழுதுவேன். இதையும் அப்படித்தான் பத்து நாளாக எழுதுகிறேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுத்து தெரியாது. இங்கிலீஷில் நம்பர் மட்டும்தான் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த கூத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நான் கொள்ளேகால் பக்கத்தில் பிறந்தவள். கட்டிக்கொடுத்து மைசூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் கொத்தனார். நான் சித்தாள். முப்பது வருஷம் மண்ணும் ஜல்லியும் சுமந்தேன். இந்த ஊரில் நான் கல் எடுத்துக் கொடுக்காத ஏரியா இல்லை என்று பஸ்ஸில் போகும்போது மருமகளிடம் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை ஒன்று போட்டுக்கொள்வோம், பார்த்திருப்பீர்கள். வெயிலுக்கும் தூசிக்கும் அது பாதுகாப்பு. எனக்கோ அந்தச் சட்டையில் இருந்த சோப்புதான் முக்கியம். சோப்பு என்றால் குளிக்கிற சோப்பு இல்லை. பாக்கெட். எங்கள் பக்கத்தில் பாக்கெட்டைச் சோப்பு என்போம். டவுன்காரர்கள் ஜோப்பு என்பார்கள். வீட்டுச் சாவி, வெற்றிலை, தலைவலி மாத்திரை, மேஸ்திரி கொடுத்த சீட்டு எல்லாம் அந்தச் சோப்பில்தான். சித்தாளுக்குப் பீரோ என்றால் அதுதான்.

முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு மருமகள் எனக்கு நைட்டி வாங்கி வந்தாள். முதல் நாள் போட்டுக்கொண்டு வாசலைப் பூட்டினேன். சாவியை வைக்கக் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. போனைக் கையில் பிடித்தால் துடைப்பம் பிடிக்க முடியவில்லை. "இதைத் தெச்சவன் பொம்பளைக்கு வெக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காதுன்னு நெனச்சுட்டானா?" என்று மருமகளிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே மெஷினில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஆழமாகச் சோப்பு வைத்துக் கொடுத்தாள். ஒரு சோப்பில் போன், ஒன்றில் சாவியும் மூக்குக் கண்ணாடியும்.

அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா கேட்டாள். பிறகு எதிர்வீடு. பிறகு பக்கத்துத் தெரு. எங்கள் தெருவில் எந்த அம்மா சாயங்காலம் கேட்டுக்கு வந்து நின்றாலும் இரண்டு கையும் சோப்புக்குள் விட்டுக்கொண்டு போலீஸ் அதிகாரி மாதிரி நிற்பாள்.

மருமகள் சத்தியமங்கலத்துப் பெண். துணி ஃபேக்டரி ஒன்றில் ஒன்பது வருஷம் தையல். காலர் மட்டும் தைப்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர், காலர், காலர். கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டு திரும்ப மாட்டாமல் வருவாள். போன வருஷம் அந்த லைனை மூடிவிட்டார்கள். இன்னொரு ஃபேக்டரியில் கூப்பிட்டார்கள், ஆனால் அது தூரம். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு மூலைக்கு வேன் வரும், திரும்பி வர எட்டாகும். தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை சேருவதாக இருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குள் ஆன்லைனில் நைட்டிக் கடை ஆரம்பித்து ஓட வைத்துவிட்டால் வீட்டிலேயே இருக்கலாம் என்பது அவள் கணக்கு. அவளுக்கு இருந்தது மூன்று வாரம்தான்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவளே எல்லாம் கற்றுக்கொண்டாள். போட்டோ எடுத்தாள். மாடல் நான்தான். தலை தெரியாமல் எடு என்று சொல்லிவிட்டேன். எல்லாம் தயார். பெயர்தான் இல்லை.

"டொமைன்னு சொல்லுவாங்கத்தை. நம்ம கடைக்கு அட்ரஸ் மாதிரி. அதை டைப் பண்ணுனாத்தான் நம்மகிட்ட வர முடியும்" என்றாள்.

பெயர் வைப்பதென்றால் எனக்கு ஒரே வழிதான் தெரியும். எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் சாமி முன்னால் வைத்து, சின்னக் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். மனசில் நினைத்தது வெள்ளை வந்தால் நடக்கும். கடைக்கு அந்தச் சாமி பெயரையே நினைத்துக்கொண்டேன். வெள்ளைதான் வந்தது. பஸ் பிடித்துத் திரும்பி வந்து, கால் கழுவுவதற்கு முன்னாலேயே சொன்னேன்.

மருமகள் டைப் பண்ணிப் பார்த்தாள். "போயிருச்சுங்கத்தை."

"என்ன போயிருச்சு?"

"இந்தப் பேரை வேற ஒருத்தர் எடுத்துட்டாங்க."

"எடுத்தா என்ன? நம்ம தெருவிலயே ஒரே பேர்ல நாலு பேர் இருக்கறாங்க. தபால்காரன் கரெக்டாத்தானே குடுக்கறான்?"

"இதுல அப்படி முடியாதுங்கத்தை. உலகத்துலயே ஒரு பேரு ஒருத்தருக்குத்தான்."

"சரி, அவரு என்ன கடை வெச்சிருக்கறாரு?"

"கடையே இல்லைங்கத்தை. பேரை மட்டும் எடுத்து வெச்சிருக்கறாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த மாதிரி. ஆள் ஏறவே இல்லை, துண்டு மட்டும் உட்கார்ந்திருக்கிறது. சாமியே உத்தரவு கொடுத்த பெயரில் எவனோ துண்டு போட்டு வைத்திருக்கிறான். அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்து மருமகள் இங்கிலீஷ் பெயராகப் போட்டுப் பார்த்தாள். அழகு, சந்தோஷம், பூ, நிலா, பட்டாம்பூச்சி என்று எனக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே போட்டாள். ஒவ்வொன்றிலும் துண்டு. காலியாக இருந்ததெல்லாம் கூட்ஸ் வண்டி மாதிரி நீளப் பெயர். ஒரு வாரம் போய்விட்டது.

ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா கேட்டைத் திறந்துகொண்டே, "ஏனுங்க, அந்தச் சோப்பு வெச்ச நைட்டி என்ற தங்கச்சிக்கும் ஒண்ணு வேணுங்க" என்றாள். அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான்.

"இதாம் பேரு. சோப்பு. அதையே வெச்சுரு" என்றேன்.

மருமகள் தயங்கினாள். "மைசூர்ல சோப்புன்னா எல்லாரும் குளிக்கற சோப்புன்னுதானுங்க நெனப்பாங்க. ஜோப்புன்னு வேணா வெக்கலாமுங்களா?"

"என்ற வாயில ஜோப்பு வராது. எனக்கே வராத பேரை நான் எப்படி நாலு பேர்கிட்ட சொல்றது? நைட்டிக்குச் சோப்பு கேட்டது நானு. நான் சொல்ற மாதிரிதான் இருக்கோணும்."

இப்படித்தான் பேசினேன். அவள் ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாள். இன்னும் நாலு பேரிடம் கேட்கலாம் என்றாள். என் சொல்லைப் பற்றி என்னைவிட வேறு யாருக்குத் தெரியும் என்று அடைத்துவிட்டேன்.

அவளும் யோசித்தாள். குளிக்கிற சோப்புக்கு இங்கிலீஷில் நடுவில் ஒரு ஏ வருமாம். அந்த ஏ-யைத் தூக்கிவிட்டு, ஒரு பி-க்கு இரண்டு பி போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது என்று கண்டுபிடித்தாள். எஸ், ஓ, பி, பி, யு. எனக்குப் படித்துக் காட்டினாள். சோப்பு. காதுக்குச் சரியாகத்தான் இருந்தது.

முன்னால் ஒரு சொல் சேர்த்தால் கிடைக்கும் என்று கம்ப்யூட்டர் சொன்னதாம். அன்று மத்தியானம் பணம் கட்டி முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேரு கெடச்சிருச்சுங்கத்தை. அத்தைசோப்பு."

"யாரோட அத்தை?"

"எனக்கு எத்தனை அத்தை இருக்கறாங்க?"

மாமியார் பெயரில் கடை வைக்கிற மருமகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை, டீ வைக்கப் போய்விட்டேன். கன்னடத்திலும் அத்தையை அத்தெ என்றுதான் சொல்வார்கள். இங்கத்து ஜனங்களுக்கும் புரியட்டும் என்று அவர்கள் எழுதுகிற மாதிரியே எழுத்து போட்டிருந்தாள். முன்பாதிக்குக் கன்னடத்தைப் பார்த்தவள் பின்பாதிக்குப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பெயர் போட்ட லேபிள் நெய்து வந்தது. நாற்பது நைட்டி தயாராக இருந்தது, எல்லாவற்றுக்கும் கழுத்தில் லேபிளை நானே கையால் தைத்தேன். கார்டு அடித்தோம். பச்சை ஓரம், நடுவில் பெயர், கீழே வீட்டிலேயே செய்தது, வாசலுக்கே வரும் என்று இங்கிலீஷில் ஒரு வரி, என் போன் நம்பர். அவள் மெஷினில் இருந்தால் போன் எடுக்க முடியாது, நான் எடுப்பேன் என்று ஏற்பாடு. வியாழக்கிழமை நான்கு மெடிக்கல் ஷாப்பிலும் இரண்டு பார்லரிலும் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கடையைத் திறந்தோம்.

பத்து மணிக்கு முதல் போன். ஒரு ஆள், கன்னடத்தில், "அத்தெயவரா?" என்றார். அத்தையா பேசுவது என்று கேட்கிறார். எனக்கு உள்ளங்கால் வரை சந்தோஷம். ஆமாம் என்றேன். "எரடு கட்டு மெந்த்ய சொப்பு களிசி" என்றார். இரண்டு கட்டு வெந்தயக்கீரை அனுப்பச் சொல்கிறார்.

ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த போன், பாலக் இருக்கிறதா என்று. அதற்கடுத்தது, தண்டுக்கீரை பிஞ்சாக இருக்குமா என்று ஒரு பெண். பிறகு ஒருத்தர், மருந்து அடிக்காத கீரைதானே என்று உறுதி கேட்டார். கன்னடத்தில் கீரைக்குச் சொப்பு என்று பெயர். சின்ன சொ. தினமும் காலையில் எங்கள் தெருவில் "சொப்பு, சொப்பு" என்று கூவிக்கொண்டு கீரைக்காரி போகிறாள், நானே அவளிடம் வாங்குகிறேன். அப்படியிருந்தும் என் மண்டைக்கு எட்டவில்லை. என் சோப்பு வேறு, அவர்கள் சொப்பு வேறு. இரண்டையும் சேர்த்து நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. யாரோ வேண்டுமென்றே விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஏழாவதோ எட்டாவதோ ஆளிடம், "கீரை வேணும்னா மார்க்கெட்டுக்குப் போங்க, எங்க வீட்டுல தோட்டம் இல்லை" என்று கத்திவிட்டேன். பாவம், வயசான குரல். மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நைட்டி கேட்டு ஒரு போனும் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் என் மகன் வந்தான். லாரி டிரைவர், மும்பை லைன் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வருகிறான். கடை திறப்பதை அவனுக்குச் சொல்லாமல் வைத்திருந்தோம், வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று. அவன் மைசூரிலேயே கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கை கழுவிவிட்டு மேஜை மேல் இருந்த கார்டை எடுத்துப் பார்த்தான்.

"அத்தெ சொப்பு. நல்லாருக்குதே. கீரைக் கடை எப்ப ஆரம்பிச்சீங்க?"

மெஷின் நின்றுவிட்டது.

"சோப்புடா அது" என்றேன்.

"எங்கம்மா சோப்பு? சொப்புன்னுதானே இருக்குது."

பென்சில் எடுத்து எனக்காகத் தனக்குத் தெரிந்த தமிழில் எழுதிக் காட்டினான். சொப்பு என்று எழுத ஒற்றைக் கொம்பு. சோப்பு என்று எழுத இரட்டைக் கொம்பு. இங்கிலீஷில் இந்தக் கொம்பே கிடையாதாம். இரண்டுக்கும் ஒரே எழுத்து. தமிழ் தெரிந்த நாங்கள் படித்தால் பாக்கெட். ஊர் முழுக்க இருக்கிற மற்றவர்கள் படித்தால் மாமியார் வீட்டுக் கீரை. போதாததற்குப் பச்சை ஓரம், வீட்டிலேயே செய்தது, வாசலுக்கே வரும். குளிக்கிற சோப்புக்குப் பயந்து ஓடி, நேராகக் கீரைப் பாத்தியில் போய் விழுந்திருந்தோம்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், மருமகள் முகத்தைப் பார்த்திருக்காவிட்டால்.

"மாத்திரலாமே கண்ணு, ஒரு எழுத்துத்தானே" என்றேன்.

"ஒருதரம் பதிஞ்சா ஒரு எழுத்துக்கூட மாத்த முடியாதுங்கத்தை. வேற பேரு புதுசாத்தான் வாங்கோணும். லேபிள், கார்டு, எல்லாம் மறுபடியும் மொதல்ல இருந்து." என்மேல் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள்தானே பிடிவாதம் பிடித்தீர்கள் என்று கேட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். மெஷினுக்கு உறையைப் போட்டாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், திங்கட்கிழமை வேனுக்கு வருவதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் நான் தூக்கிக் கொடுத்த கலவைச் சட்டி ஒன்று தவறி யார் தலையிலும் விழுந்ததில்லை. இன்றைக்கு இந்தப் பெண் தலையில் நானே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், மறுபடி போன். ஒரு வயதான அம்மா. மெடிக்கல் ஷாப்பில் கார்டைப் பார்த்தாராம். "ஹொனகொன்னெ சொப்பு இதெயா?" என்று கேட்டார். பொன்னாங்கண்ணிக் கீரை. கண்ணுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம், எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம். குரலில் அவ்வளவு ஆசை. எனக்கு ராங் நம்பர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அம்மா, நாங்க கீரை விக்கலைங்க. நைட்டி விக்கறோம்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

"நைட்டியா? சொப்பில் நைட்டியா?" என்று கேட்டார்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சித்தாள் சட்டை, சாவி, சாமிகிட்டே பூக் கேட்டது, எவனோ துண்டு போட்டது, என் பிடிவாதம், எல்லாம். அந்தம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்து சிரித்தார். பிறகு கேட்டார், "நிஜமாகவே பாக்கெட் இருக்கிறதா? போன் வைத்தால் விழாதா?"

"குனிஞ்சு கூட்டினாலும் விழாதுங்கம்மா. நான் வெச்சுப் பாத்திருக்கறேன்."

அவர் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறாராம். ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். போனை ஒரு ரூமில் வைத்துவிட்டு இன்னொரு ரூமில் தேடுகிறாராம். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, போன் ஹாலில் மணியடித்துக்கொண்டே இருக்க, ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாராம். வெளிநாட்டில் இருக்கிற மகள் தினமும் திட்டுகிறாளாம். "இரண்டு நைட்டி வேண்டும்" என்றார். அளவும் சொன்னார்.

கொரியரில் அனுப்ப எனக்கு மனசில்லை. மறுநாள் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு பண்ணினேன். தெருவுக்கு வந்த கீரைக்காரியிடம் பொன்னாங்கண்ணி கேட்டேன். கூடையின் அடியில் இரண்டு கட்டு வைத்திருந்தாள். ஆனால் கொடுக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் கார்டு கொடுத்திருக்கிறாயாமே, அத்தெ சொப்பு என்று. என் வயிற்றில் அடிக்கத்தான் கடை போட்டாயா? என்னிடமே வாங்கி விற்கப் போகிறாயா?"

"ஐயோ தாயே, நான் வித்தது கீரை இல்ல, நைட்டி" என்று அவளிடமும் கதை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். இன்னொரு கட்டு எக்ஸ்ட்ரா போட்டாள். "எனக்கும் ஒரு நைட்டி தை. இந்தச் சில்லறையை முந்தானையில் முடிந்து முடிந்து சேலையே கிழிந்துவிட்டது" என்றாள்.

மருமகளிடம் கடைக்குப் போய் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இங்கே பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது, ஆதார் கார்டைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். போகிற வழியில் ஒரு யோசனை வந்தது. கீரையைப் பேப்பரில் சுற்றி, நைட்டிக்கு ஒரு கட்டாகச் சோப்புக்குள் செருகிவிட்டேன். கையில் இரண்டு பையாகத் தூக்குவதற்குச் சோம்பல், அவ்வளவுதான். வேறு புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை.

அந்தம்மா நைட்டியை உதறினார். கையைச் சோப்புக்குள் விட்டார். பச்சைப் பசேல் என்று பொன்னாங்கண்ணியை வெளியே எடுத்தார். என்னைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், கழுத்து லேபிளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "சோப்பினல்லி சொப்பு" என்றார். பாக்கெட்டுக்குள் கீரை. எங்கள் சொல்லையும் அவர்கள் சொல்லையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டார். இரண்டு கிழவிகளும் சோபாவில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்குக் காபி கொடுத்தார். உடனே நைட்டியைப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு சோப்பில் போனும் ஒரு சோப்பில் கீரையுமாக நின்று, என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். நான் எடுத்ததில் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது, அவர் பரவாயில்லை என்றார். பார்க்கில் கூட நடக்கிற பெண்களின் குரூப்புக்கு அதை அனுப்பி, கீழே நீளமாக என்னவோ எழுதினார்.

நான் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "பெயரை மாற்றாதீர்கள். ஒருதரம் கேட்டால் மறக்காது. அழகாகப் பெயர் வைத்த கடை ஆயிரம் இருக்கிறது, எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை."

வீட்டுக்கு வரும்போது மத்தியானம். மருமகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வெப்சைட்டில் வருகிற ஆர்டர் அவள் போனுக்குத்தான் வரும். "அத்தை, எங்க போனீங்க? என்ன பண்ணுனீங்க?" என்றாள். பதினொரு ஆர்டர் வந்திருந்ததாம். அதில் நான்கு பேர், கீரையும் வருமா என்று கேட்டிருந்தார்கள். அவள் முதலில் பயந்துபோய் மறுபடியும் கீரைக்காரர்கள் என்று நினைத்திருக்கிறாள். பிறகுதான் அந்தப் போட்டோவை யாரோ அனுப்பி, விஷயம் தெரிந்திருக்கிறது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது, அதையும் சொன்னேன். "நாலு பேர்கிட்ட கேக்கலாம்னு நீ அப்பவே சொன்னே. நாந்தான் கேக்க விடல. தப்பு என்ற மேலதான் கண்ணு." மாமியாராகி இருபது வருஷத்தில் இப்படி நான் சொன்னதில்லை. "சரி விடுங்கத்தை, மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். பிறகு மெஷின் உறையை எடுத்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் இருபதைத் தாண்டியது. திங்கட்கிழமை விடிகாலையில் மூலையில் வேன் ஹாரன் அடித்தது. முந்தின நாளே வரவில்லை என்று சொல்லிவிட்டாள், டிரைவருக்குச் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். போங்க, போங்க என்று கையை ஆட்டினேன். உள்ளே அவள் போர்த்திக்கொண்டு தூங்கினாள். எழுப்பவில்லை.

வெளியூருக்குக் கீரை அனுப்ப முடியாது, வாடிவிடும். அதற்கு மருமகள் வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு நைட்டியின் சோப்பிலும் ஒரு சின்னப் பொட்டலம் கீரை விதை வைத்து அனுப்புகிறோம். விதை எங்கள் கீரைக்காரியிடம்தான் வாங்குகிறோம். தொட்டியில் முளைத்த அரைக்கீரையைப் போட்டோ எடுத்து ஹாசனிலிருந்தும் ஹோசூரிலிருந்தும் அனுப்புகிறார்கள். கூட எழுதுகிற கன்னடமும் இங்கிலீஷும் எனக்குப் படிக்கத் தெரியாது, கீரையைப் பார்த்தாலே என்ன சொல்கிறார்கள் என்று தெரிகிறது. இப்போது பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் மருமகளோடு உட்கார்ந்து தைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வேலை என்று பிரிக்கவில்லை. கழுத்திலிருந்து விளிம்பு வரை ஒரு நைட்டியை ஒருத்தியே தைக்க வேண்டும், காலர் மட்டும் தைக்கிற வேலை இங்கே கிடையாது என்பது மருமகள் போட்ட சட்டம்.

கீரை கேட்டு இன்றைக்கும் வாரத்துக்கு இரண்டு போன் வரும். அன்றைக்கு நான் கத்தியதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தாரே, அந்த வயசானவரின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு, வருத்தம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் வீட்டம்மாவுக்கு ஒரு நைட்டி வாங்கினார்.

என் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், அதுவும் நான் சொல்கிற அர்த்தம்தான் என்று அறுபத்தெட்டு வயது வரை இருந்துவிட்டேன். இப்போது யாராவது நான் சொன்னதைத் தப்பாகக் கேட்டுக்கொண்டால் ராங் நம்பர் என்று வைத்துவிடாமல், அவர்கள் காதில் அது என்னவாக விழுந்தது என்று நின்று கேட்கிறேன், அப்படிக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதிதாக ஒரு மனுஷர் கிடைக்கிறார்.